கழற்றுவதும் எறிவதும்

நூகு பகல் தொழுகை முடிந்து வந்தவுடன் பையில் இரண்டு சட்டைகளை மடித்து வைத்தான். எங்கே பயணம் என்று மனைவி பல்கீஸ் கேட்டாள். மலைமேல் இருக்கும் ஞானகுரு ஷெய்கிடம், இனிமேல் அங்கேயேதான் என்றான்.

"மூஸா நபிகிட்ட அல்லாஹ் செருப்பைக் கழற்றச் சொன்னான்ல? அது தோல் செருப்பு இல்லையாம். ஒண்ணு பொஞ்சாதி, ஒண்ணு புள்ளையாம். ஷெய்கு உள்பொருள் சொன்னாங்க."

பல்கீஸ் இடுப்பிலிருந்த ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இவ வலது காலா, இடது காலா?"

"கேலி பண்ணாதே. எழுத்துக்கு மேலே உனக்கு ஒண்ணும் தெரியாது."

பெண்கள் மதரஸாவில் பத்து வருடமாகக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவள் அவள். "எழுத்தைத்தான் கேக்குறேன் மச்சான். அதே இடத்துல மூஸா நபி கையிலிருந்த தடியை எறியச் சொன்னான். செருப்பை எறியச் சொல்லலையே, கழற்றத்தானே சொன்னான்? அதுக்கு என்ன உள்பொருளாம்?"

ஷெய்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. நூகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிப் படியிறங்கினான். வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் 'வர்றேன்' என்றுதான் சொல்வார்கள். வாய்ப்பழக்கத்தில் வந்த சொல்லா, வருவதாகவே சொன்னானா? அரிசி களையப் போன பல்கீஸ், தனக்கு ஓர் ஆழாக்கைச் சட்டியில் கொட்டினாள். நூகுவுக்கான அடுத்த ஆழாக்கை அள்ளிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.