விழுங்கும் வரை

பக்கவாதத்தில் பேச்சும் கையும் போன தில்லைநாயகிக்குச் சாப்பாடு ஊட்ட ஓர் இயந்திரக் கை வந்தது. "போதும்" என்று சொன்னால் நின்றுவிடுமாம். அந்தச் சொல்தான் அவளுக்கு வரவில்லை. முதல் வாய்க் கஞ்சி தொண்டையைத் தாண்டுமுன் அடுத்த கரண்டி உதட்டை இடித்தது. புரையேறிக் கண் பிதுங்கியது. அன்றிலிருந்து அதைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதை வடிவமைத்த ஷமீமா வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேசாமல், தானே அதனிடம் கஞ்சி வாங்கிக் குடித்துப் பார்த்தாள். இரண்டாவது கரண்டியிலேயே இருமியபடி எழுந்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. மூஞ்சியப் பார்க்கக் கத்துக்கொடுக்காமலே அனுப்பிட்டோம்."

ஒரு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. கணவர் சுந்தரேசன் கட்டிலைப் பிடித்தபடி நின்றார். "பயப்படாத நாயகி, நான் இங்கதான் இருக்கேன்."

முதல் வாய் உள்ளே போனது. அடுத்த கரண்டி பாதி வழியில் நின்று, அவள் தொண்டை அசையக் காத்திருந்தது. விழுங்கினாள், அருகே வந்தது. லேசாகப் புருவம் சுளித்தாள்; பின்வாங்கியது. இத்தனை நேரம் அடக்கியிருந்த மூச்சை மெல்ல விட்டாள்.

அடுத்த வாயை வேண்டுமென்றே விழுங்காமல் வைத்திருந்தாள். கரண்டியும் அசையவில்லை.

"என்ன நாயகி, பிடிக்கலையா?" என்றார் சுந்தரேசன்.

அவள் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.