முழுசையும் தின்ன மனுஷன்

"மோந்து பார்த்துச் சொல்லேன்டி. ஒரே ஒரு தடவை."

"மாட்டேன். மூக்கு சரியாயிடுச்சுன்னு கடையில புளுகினது நீ. அதுக்கு நான் கூட்டா?"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயே போய்விட்டாள்.

மூக்கக்கா சமையலறையில் தனியாக நின்றாள். எதிரே ஒரு வட்ட மரப்பலகை, ஐந்து வகை சீஸ், ஒரு கத்தி.

கடையில் அவளுக்குப் பேரே மூக்கக்காதான். பத்தொன்பது வருஷமாக சீஸ் கவுண்டர். எது பதம், எது நாளைக்குக் கெட்டுவிடும் என்று உறையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனை, ருசி எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது அவளுக்குக் காப்பியும் வெந்நீரும் ஒன்றுதான்.

"பார்க்கலாம்" என்றார் டாக்டர். அன்றையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

லீவு இன்றோடு சரி. வேறு வேலையும் தெரியாது. அதனால்தான் சூப்பர்வைசரையும் கவுண்டர் பெண்கள் இரண்டு பேரையும் ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். தின்று பார்த்தால் நம்பிவிடுவார்கள். பழைய இடம் திரும்பக் கிடைக்கும்.

கடை வழக்கப்படி கடிகாரம் மாதிரி அடுக்கினாள். பன்னிரண்டு மணி இடத்தில் சாதுவானது. சுற்றி வர வர நெடி ஏற வேண்டும். கடைசியில் நீலக் கோடு ஓடுகிற முரட்டு சீஸ். நடுவில் திராட்சை, பிஸ்கட்.

மூன்று மணி இடத்துக்கு வெள்ளைத் தோல் போட்ட மெத்து சீஸ். கத்தி வைத்ததுமே உள்ளேயிருந்து தேன் மாதிரி வழிந்தது. வழிந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தம்.

'மூக்கு இல்லேன்னா என்ன, கண்ணு இருக்கே' என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது.

சூப்பர்வைசருக்குக் கடையில் வைத்த பெயர் தராசு. பத்து கிராம் கூட வெட்டினால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஒருத்தரையும் பாராட்டியது கிடையாது. பெண்கள் கை கழுவப் போனார்கள். அவர் நேரே பலகைக்கு வந்து குனிந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"நல்லா அடுக்கியிருக்கேம்மா" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அடுத்த நிமிஷமே அந்த மனுஷன் வெள்ளை சீஸை அப்படியே வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். ஜன்னலை அகலத் திறந்தார். அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கவுண்டரில் சேர்ந்து பத்து மாசமே ஆன பெண்ணுக்குப் புதுசு என்றுதான் பெயர். அவள் கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சார், அந்த வெள்ளையில எனக்கும் ஒரு துண்டு..."

"தொடாதே. இது எனக்கு."

"அவ்வளவுமா சார்?" என்றாள் கூட வந்த நெட்டை.

"ஏன், உங்கப்பன் வீட்டு சீஸா?"

புதுசு மூக்கைச் சுளித்தாள். "ஏதோ ஒரு மாதிரி வாடை அடிக்குதே அக்கா..."

மூக்கக்காவுக்குத் திக்கென்றது. அதற்குள் தராசு பாய்ந்தார்.

"நீலக் கோடு அப்படித்தான் அடிக்கும். பத்து மாசமா கவுண்டர்ல நின்னு என்னத்தைக் கிழிச்சே?"

புதுசு ஒரு திராட்சையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

தராசு தின்றார். வாய்க்கு வாய் தண்ணீர் குடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்படியும் விடவில்லை. மூக்கக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்களுக்குக் கொடுக்கத்தானே அதை அவ்வளவு தேடித் தேடி வாங்கினாள்? இப்படியுமா ஒரு மனுஷன் பறப்பான்?

கடைசி வாயும் உள்ளே போனதும் கேட்டாள். "சார், நாளைக்கு நான் வேலைக்கு வரலாமில்ல?"

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. என் சொந்தக்காரப் பொண்ணு."

"யாரு சார்? எங்களுக்கே தெரியாதே!" என்றாள் நெட்டை.

"உன்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணுமா? கிளம்பு, கிளம்பு."

மூக்கக்கா வாசல் வரை போனாள். இனிமேல் மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது?

"என் இடத்தை உங்க சொந்தக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துட்டு, என் வீட்டு சீஸையும் வழிச்சுத் தின்னுட்டுப் போறீங்களே. செரிக்குமா சார்?"

தராசு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"பார்க்கலாம்மா" என்றார்.

மூக்கக்கா கதவை அடித்துச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். பலகையைக் கூட எடுக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். அழுகை கூட வரவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்த மகள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! என்ன இது, ஆஸ்பத்திரி கக்கூஸ் மாதிரி? கண்ணெல்லாம் எரியுது!"

மோந்துகொண்டே போய் ஜன்னலோரத் தட்டைத் தூக்கினாள். அதில் வெள்ளைத் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"இது கெட்டு எத்தனை நாளாச்சோ! இதையா வச்சே?"

மூக்கக்கா தட்டைப் பிடுங்கி முகத்தோடு சேர்த்து வைத்தாள். நெஞ்சு வலிக்க வலிக்க மூச்சை இழுத்தாள்.

ஒன்றுமே இல்லை. வெறும் காற்று.

மகளின் குரல் இறங்கிவிட்டது. "காலையில நான் மோந்து பார்த்திருக்கலாம்... அந்தப் பொண்ணுங்களும் தின்னாங்களாம்மா? நாளைக்கே ஊர் பூரா சொல்லிச் சிரிப்பாங்களே."

"அவங்களைத் தொடவே விடலைடி" என்றாள் மூக்கக்கா. தட்டு இன்னும் அவள் கையிலேயே இருந்தது. "அவர் ஒருத்தரே முழுசையும் தின்னுட்டார்."