காலைக்கு ஒரு வாளி

"ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு அடுப்பு எரிக்கிறீங்களே அக்கா, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

கனிபெக் உள்ளே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோட்டைக் கழற்றியாயிற்று, ஸ்வெட்டரையும் கழற்றியாயிற்று. இன்னும் வேர்த்தது. வெளியே மைனஸ் இருபத்தைந்து.

சிறு தொழில் செய்கிறவர்கள் குறைந்த கரியில் குளிர்காலத்தைத் தாண்ட வழி கண்டுபிடிப்பதுதான் நாரின் என்ற மலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வு மையத்தின் வேலை. மையம் பன்னிரண்டு புது அடுப்புகள் செய்து கொடுத்திருந்தது. காலையில் ஒரு வாளி கரி போட்டால் சாயங்காலம் வரை அறை தாங்கும். அதற்கு மேல் போடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான் இந்தக் கம்பளிச் செருப்புப் பட்டறையும் ஒன்றை வாங்கிக்கொண்டது.

இது அவருடைய நான்காவது வருகை. நான்கு தடவையும் இதே அனல்தான்.

"இன்னிக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு, வாத்தியாரே," என்றார் புருல். பட்டறை அவருடையது. கனிபெக்கைவிட ஏழெட்டு வயது மூத்தவர். "உக்காருங்க. டீ ஆறுது."

விரிப்பில் வெண்ணெய், ஜாம், அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த போர்சோக் ரொட்டி. சுற்றிலும் ஐந்து பெண்கள் செருப்பு தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியாரை வாரா வாரம் வரச் சொல்லுங்கக்கா," என்றாள் கலிப்பா என்பவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்களும் வேர்வைன்னா என்னன்னு பாத்துக்குவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். புருல் அவளை முறைத்தார். தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று கனிபெக்குக்குச் சுருக்கென்றது.

"சிரிக்கிற விஷயமில்ல. கீழ்த்தெரு சோப்புக்காரங்க மூணு மாசமா இந்த அடுப்பைக் கேட்டு நடக்கறாங்க. உங்களுக்குச் சும்மா கெடச்சதால அருமை தெரியல. போற வர்ற காத்துக்கெல்லாம் கரி எரிக்கிறீங்க."

ஊசிகள் நின்றன.

அவருடன் வந்த ஆய்வாளர் ஜில்டிஸ், அடுப்புக்குப் பின்னால் இரண்டு மாதமாகச் சூட்டைப் பதிவு செய்துகொண்டிருந்த சின்னப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "ஐயா, இதையும் பாத்துட்டு முடிவு பண்ணலாமே?"

"பெட்டி எதுக்கு? எனக்குக் கண்ணு இல்லையா?" என்றவர் புருல் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல ஆள் வரும். அடுப்பைக் குடுத்துடுங்க."

"பழைய அடுப்பை இடிச்சுட்டோமே, வாத்தியாரே. இதுவும் போச்சுன்னா பனி உருகற வரைக்கும் பட்டறையை மூடணும்."

"அதை எரிக்கறப்ப யோசிச்சிருக்கணும்."

மிச்சமிருந்த ரொட்டியைப் புருல் காகிதத்தில் சுற்றி, வழியில் சாப்பிடச் சொல்லி ஜில்டிஸ் கையில் கொடுத்தார். இவ்வளவு கோபத்திலும் கனிபெக் ஆறு ரொட்டி சாப்பிட்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் மனசு ஒரு நிலையில் இல்லை. வேலை செய்யும் பெண்கள் முன்னால் அப்படிச் சத்தம் போட்டிருக்க வேண்டுமா? பிறகு, கடமையென்றால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது அவ்வளவாக ஒட்டவில்லை.

மறுநாள் காலை ஜில்டிஸ் அவர் மேசைமுன் மடிக்கணினியோடு நின்றாள்.

"பெட்டி கெட்டுப்போச்சோன்னு ரெண்டு தடவை சரி பாத்துட்டேன், ஐயா. கெடல."

திரையில் கோடு தரையோடு தரையாக ஓடியது.

"என்ன இது? அடுப்பு எரியவே இல்லையா?"

"காலைல கொஞ்ச நேரம் எரியுது. அரை வாளிகூட இருக்காது. பன்னெண்டு எடத்துலயும் இங்கதான் கரி ரொம்பக் கம்மி. மத்தியானம் அறைக்குள்ள ஏழு டிகிரி. கோட்டும் தொப்பியுமாத்தான் உக்காந்து தைச்சிருக்கணும்."

"அப்ப நாலு எடத்துல மட்டும் மலை மாதிரி ஏறுதே?"

ஜில்டிஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அது நாம போன நாலு நாள்."

கனிபெக்குக்குக் காது மடல் சுட்டது. வருகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் முதல் நாளே போன் செய்தவர் அவர்தான். விருந்தாளி வரும் நாளில் வீட்டைச் சூடாக்கி வைப்பது அவருக்குத் தெரியாத வழக்கமா? அவர் வீட்டிலும் அதுதானே நடக்கிறது. அதைத்தான் ஊதாரித்தனம் என்று நான்கு தடவை கைப்பட எழுதி வைத்திருந்தார்.

போனை எடுத்தார். புருலைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க வாத்தியாரே," என்றார் புருல். "நல்லபடியா போய்ச் சேந்தீங்களா? ரோடெல்லாம் வழுக்குச்சே."

"எங்களுக்காகத்தான் எரிச்சீங்கன்னு ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"சாப்பிட உக்காந்தவங்ககிட்ட யாராவது அதைச் சொல்லிக் காட்டுவாங்களா?"

"அக்கா... என்னை மன்னிச்சிடுங்க. ஆளுங்க வந்தா அடுப்பைத் தொட விடாதீங்க."

"அவங்க வந்து ஒரு மணி நேரம் ஆச்சே."

கனிபெக் கண்ணை மூடிக்கொண்டார். "கழட்டிட்டாங்களா?"

"எங்க கழட்டறது? கை வெக்க முடியாம கொதிக்குது. ஆறட்டும்னு உக்காந்து டீ குடிக்கிறாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, புருல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தக் குளிர்ல வர்றாங்களேன்னு விடிஞ்சதுமே ரெண்டு வாளி போட்டுட்டேன், வாத்தியாரே. கோவிச்சுக்காதீங்க."