ஊதுங்க

“ஊதுங்க.”

வேதசிரோமணி செருப்பை மாட்டிக்கொண்டே குனிந்தார். மனைவி பேபி குள்ளம். அவர் குனிந்தால்தான் அவள் மூக்குக்கு எட்டும். வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஊதினார். பேபி கண்ணை மூடி இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“சமத்து. போயிட்டு வாங்க.”

வீட்டைவிட்டு இறங்கும்போது ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை. செம்பாக்கம் வீட்டு வாசலில் நாலு வருஷமாக இதுதான் சட்டம்.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த ஜெயகிருஷ்ணன் சிரித்தார். நாடகக் குழு அவருடையது. கதை, வசனம், டைரக்‌ஷன் எல்லாம் அவரே.

“இன்னாம்மா, வீட்டு வாசல்லயே செக்போஸ்ட்டா?”

“நீங்களும் ஒரு தடவை ஊதிட்டுப் போங்களேன் சார்.”

“ஐயோ, என்னை விட்டுடும்மா. நேத்து ஒரு கல்யாண பார்ட்டி!”

“பேபி, பால் தீயுது பாரு” என்றார் வேதசிரோமணி வாசலிலிருந்தே.

“பேச்சு சுவாரசியத்துல மறந்தே போச்சு” என்று அவள் உள்ளே ஓடினாள்.

அவர் கடைசியாகப் பார்த்தது அந்த முதுகைத்தான். ஒத்திகை முடிவதற்குள் மகள் வினிதாவிடமிருந்து போன் வந்துவிட்டது. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குள் ஆட்டோ நுழையும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு காலத்தில் வேதசிரோமணி மேடை ஏறினால் கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். கொரோனாவுக்கு முந்தைய வருஷம், குன்றத்தூரில் ஒரு திருவிழாவில், ராஜா வேஷத்தோடு நிறைபோதையில் சிம்மாசனத்திலிருந்து உருண்டு கூட்டத்துக்குள் விழுந்தார். அன்றைக்கும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எந்தக் குழுவும் அவரைக் கூப்பிடவில்லை. குடிமறுவாழ்வு மையத்திலிருந்து அவர் திரும்பி வந்த அன்று பேபி போட்ட சட்டம்தான் ‘ஊதுங்க’. அந்தச் சட்டத்தை நம்பித்தான் ஜெயகிருஷ்ணன் புது நாடகத்தில் அவருக்குக் கதாநாயகன் வேஷம் கொடுத்திருந்தார்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து மூன்றாவது நாள், தாம்பரத்தில் நாடகம். மண்டபம் நிறைந்திருந்தது.

“கை நடுங்குது பாருங்கண்ணே” என்றான் வில்லனாக நடிக்கும் ஷ்யாம்சுந்தர். ஒப்பனை மேசையில் ஒரு குளிர்பான பாட்டிலை வைத்தான். “உங்களுக்குன்னுதான் கலந்து எடுத்துகினு வந்தேன். ரெண்டு மடக்கு உள்ள போனா நடுக்கம் நின்னுடும். இனிமே ஊதச் சொல்ல யாரு கீறாங்க?”

வேதசிரோமணி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷ்யாம்சுந்தர் தன் வாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெயகிருஷ்ணன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“வேதா, ரெண்டாவது பெல் அடிச்சாச்சு. தப்பா நினைக்காதே, முடியலைன்னா இப்பவே சொல்லிடு. ஜனங்க உன்னைப் பார்த்து இன்னொரு தடவை சிரிக்கக் கூடாது.”

“முடியும்னுதான் நினைக்கிறேன்” என்றார். அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

வினிதா வந்தபோதும் அவர் கண் பாட்டில்மேல்தான் இருந்தது. அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது.

“நான் தொடலைம்மா.”

“நம்பறேன்பா.” பாட்டிலைத் தூரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “வெளில பேசிக்கிறாங்க. அம்மா மூக்குக்குப் பயந்துதான் இவர் குடிக்காம இருந்தாராம். இனிமே அவ்வளவுதானாம்.”

“அவங்க சொல்றதுல என்ன தப்பு?”

“தப்புப்பா. அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. இன்னிக்கு சொல்லிடறேன்.” அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கொரோனா வந்தப்போ அம்மாவுக்கு மோப்ப சக்தி போச்சே, ஞாபகம் இருக்கா? அது திரும்பி வரவே இல்லை. உங்களை ஊதச் சொன்ன முதல் நாள்லேருந்தே அவங்களுக்கு ஒரு வாசனையும் தெரியாது. சும்மா மூச்சை இழுத்துட்டு ‘சமத்து’ன்னு சொல்வாங்க. நாலு வருஷமா உங்களை யாரும் காவல் காக்கலைப்பா. நீங்களாத்தான் குடிக்காம இருந்தீங்க. இன்னிக்கும் உங்களால முடியும்.”

வேதசிரோமணி கண்ணாடியைப் பார்த்து ஒட்டுமீசையை அழுத்திவிட்டார்.

“தெரியும்மா.”

“என்னது?”

“ஆறு மாசம் தாங்கினேன். அப்புறம் ஒரு நாள் முடியலை. முழுசா ஒரு குவார்ட்டர் போட்டுட்டேன். இன்னியோட எல்லாம் முடிஞ்சுதுன்னு வந்து வாசல்ல குனிஞ்சு ஊதினேன். உங்கம்மா ரெண்டு தடவை மூச்சை இழுத்துட்டு ‘சமத்து’ன்னா. அவ மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம்.”

வினிதா அவர் கையை விட்டுவிட்டாள். குரல் உடைந்தது.

“அப்போ உங்களுக்குத் தெரிஞ்சே போச்சு. அதுக்கப்புறம் எத்தனை தடவைப்பா அம்மாவை ஏமாத்தினீங்க?”

மூன்றாவது மணி அடித்தது. வேதசிரோமணி எழுந்தார்.

“அன்னிக்குத்தான்மா நான் கடைசியா குடிச்சது” என்றவர், கதவருகே ஒரு கணம் வழக்கம்போலக் குனிந்து ‘ஹா’ என்று ஊதிவிட்டு மேடை ஏறினார்.