வீடு பார்க்க வந்த மேடம்

தையல் மெஷினுக்கு அடியில் சின்னப் பாய் ஒன்று விரித்திருந்தது. அதன்மேல் ஒரு குட்டித் தலையணை. பார்த்ததுமே குழந்தைகள் நல அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது.

காலையிலிருந்து இது மூன்றாவது வீடு. ஆதரவில்லாத குழந்தையை எடுத்து வளர்க்கிறோம் என்று எழுதிக்கொடுத்தவர்களை நேரில் போய்ப் பார்ப்பது அவள் வேலை. முதல் வீட்டில், "கைக்குழந்தையா, கொஞ்சம் கலரா இருந்தா சொல்லுங்க" என்றார்கள். அடுத்த வீட்டு அம்மாள், "அஞ்சு வயசுன்னா வீடு கூட்டுவாளா?" என்று கூசாமல் கேட்டாள். இங்கே வேலைக்காரிக்குப் படுக்கையே தயார்!

"உங்களுக்குக் கட்டில், புள்ளைக்கு மெஷினுக்கு அடியிலயா?"

தையல்காரி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "கட்டில் அவளுக்குத்தான் மேடம். பாய் சும்மா… ஆசைப்பட்டா படுத்துக்கட்டும்னு."

"நல்லாத்தான் கதை விடறீங்க." அதிகாரி நோட்டில் 'சந்தேகம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

அடுப்பைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். குளியலறைத் தாழ்ப்பாளைக்கூட விடவில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது.

"காப்பகத்துல நாப்பது புள்ளைங்க இருக்கு. இந்த ஒருத்திதான் வேணும்னு எழுதியிருக்கீங்களே, ஏன்?"

"அவளைத்தான் யாரும் கேக்கலைன்னாங்க."

அது உண்மைதான். வெள்ளத்தில் தனியாக மீட்கப்பட்ட குழந்தை, அப்போது வயது இரண்டு, உறவினர் எவருமில்லை. கோப்பில் இருந்தது அவ்வளவுதான். வந்து பார்த்த இரண்டு குடும்பங்களும், "வாயே திறக்க மாட்டேங்குதே" என்று கைகழுவிவிட்டுப் போயின. காப்பகத்துத் தையல் அறையில் மெஷின் சத்தம் கேட்டால் மட்டும் ஓடிவந்து, அதன் அடியில் சுருண்டு தூங்கிப்போவாள். இது கோப்பில் இல்லை. அதிகாரியே தன் கண்ணால் பார்த்தது.

அவள் பேனா சட்டென்று நின்றது.

"காப்பகத்துக்குப் போயிருக்கீங்களா?"

"ஒரு நாளும் கேட்டைத் தாண்டி விட்டதில்ல மேடம்."

"அப்புறம் அவ மெஷினுக்கு அடியில தூங்குவான்னு யார் சொன்னது? உள்ள ஆள் வெச்சிருக்கீங்களா?" அதிகாரியின் குரல் தெருவரைக்கும் கேட்டது. "யாரும்மா நீங்க?"

"சொன்னா என் விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போட்ருவீங்க."

"சொல்லலைன்னா இப்பவே கிழிப்பேன்!"

தையல்காரி தலை நிமிர்ந்தாள். அதுவரை இருந்த பணிவு அவள் முகத்தில் இல்லை.

"அம்மான்னு சொல்லிக்கிட்டு மூணு வருஷம் உங்க ஆபீசுக்கு நடந்தேன். வெள்ளத்தோட போன பிறப்பு சர்ட்டிபிகேட்டைக் கேட்டுக் கேட்டே திருப்பி அனுப்பினாங்க. யாரோன்னு எழுதிக் குடுத்த பிறகுதான் மேடம், நீங்க வீடு வரைக்கும் வந்திருக்கீங்க!"