பிரிண்டர் ஏன் ஓயவில்லை?

ஊழியர்கள் 'பாக்' (ஐயா) என்று அழைக்கும் முதலாளி ஹெர்லம்பாங் போட்ட சத்தத்தில் இந்தோனேசியாவின் அந்தச் சுரபாயா கப்பல் கம்பெனியே கிடுகிடுத்தது.

"கட்டணம் கட்டி அழுதது போதும்னு வெளிநாட்டுக்காரன் மென்பொருளைத் தலைமுழுகினோம். இலவசமா கிடைக்குற ஓப்பன் சோர்ஸுக்கு மாறினோம். எல்லா ஆவணமும் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. அப்புறமும் அந்தப் பிரிண்டர் ஏன் நாள்பூரா கத்துது?"

கணினிப் பிரிவுத் தலைவி வெனிங் தலைநிமிர்ந்தாள். "பாக், யாரும் ஆசைப்பட்டு அச்சடிக்கலை..."

"சப்பைக்கட்டு கட்டாதே! இன்னும் காகிதத்தைக் கட்டிக்கிட்டு அழுற எருமைங்க எல்லாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் தயார் பண்ணு. இனி ஒரு தாள் அச்சடிச்சாலும் சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்தாள் வெனிங்.

"புது சிஸ்டத்துலயே ஏத்திட்டேன், பாக். உங்க திரையில வந்திருக்கும். 'ஒப்புதல்' பொத்தானை அழுத்துனா எல்லாருக்கும் போயிடும்."

அவர் திரையை ஒரு தரம் முறைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, கம்பெனி முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து மேசைமேல் 'டொக்'கென்று வைத்தார்.

"பொத்தானை அழுத்துனா கடிதம் செல்லுபடியாகுமா? முத்திரை குத்த வேணாமா? போ, வழக்கம்போல எல்லாத்தையும் மூணு பிரதி பிரிண்ட் எடுத்துட்டு வா!"