நாற்பத்தொரு கன்றுகள்

"நாப்பத்தொண்ணு, மேடம்!" மேலே எண்ணிவிட்டு இறங்கி, சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு ஜானகி கத்தினாள்.

சிந்து பேனாவைத் திறக்கவில்லை.

அடையாறு முகத்துவாரத்தில் தை மாதம் அவளுடைய குழு நட்ட அலையாத்திக் கன்றுகள் அறுநூறு. கயிறு பிடித்து, நேர்வரிசையில், அவள் போட்ட வரைபடத்தின்படி.

சித்திரையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. வடிய வழியில்லாத தண்ணீரில் ஒரு மாதம் மூழ்கிக் கிடந்து, வரிசை முழுவதும் கறுத்துக் குச்சியாகிவிட்டது.

உயிரோடு இருக்கும் நாற்பத்தொன்றும் அந்த வரிசையில் இல்லை. நாற்பது அடி தள்ளி மேட்டில், முள்புதருக்குப் பின்னால், கோணல்மாணலாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி. குச்சியோடு சேர்த்து ஒரு துணிக்கட்டு.

"வாய் அடைச்சிக்கினா தண்ணி நிக்கும், மேலதான் நடணும்னு சேட்டு மாமா தலபாடா அட்ச்சிக்கினாரே, மேடம். நீங்கதான்..." ஜானகி பாதியில் நிறுத்திவிட்டாள்.

சேட்டு. ஐம்பதைத் தாண்டியவர். இதே கரையில் குடிசையில் பிறந்தவர். கரையைக் காலி செய்தபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் போய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்.

வரைபடத்தை மீறி ஒரு செடிகூட நகரக் கூடாது என்று சிந்து அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

மாசியில், நரிகளைப் படம்பிடிக்க வைத்த கேமராவில் சேட்டு சிக்கினார். விடிகாலை. வரிசையிலிருந்து கன்றுகளைப் பிடுங்கிக் கூடையில் அடுக்குகிறார். எண்ணிப் பார்த்தார்கள். நாற்பத்துமூன்று குறைந்தது.

ஏதோ நர்சரிக்கு விற்கிறார் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

"ஒரு நட வந்து பாத்துரு மேடம், மேலதான்..." என்று அவர் ஆரம்பித்தார். அவளுக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாள்.

நாற்பது அடி. நடந்திருக்கலாம்.

சேட்டு வாதாடவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு பூங்காவில் தோட்டக்காரர் வேலை காலியாக இருக்கிறது, அனுபவச் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார். முதலில் குழுவின் சட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள் சிந்து.

உடம்பில் இருந்த சட்டையை அவர் குனிந்து பார்த்தார். "தொவச்சி கொண்டாந்து குட்த்துர்றேன், மேடம்."

கொண்டுவரவே இல்லை. சான்றிதழ் கையெழுத்தில்லாமல் அவள் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. சட்டையையும் சேர்த்துத் திருடிவிட்டார் என்று அவள் நாலு பேரிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது கைப்பேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள். உபயோகத்தில் இல்லை என்றது.

மேட்டில் ஏறிக் குனிந்து, முதல் கன்றின் துணிக்கட்டைத் தொட்டாள். சேறு காய்ந்து மண் நிறமாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள்.

பச்சை.

அடுத்ததும் பச்சை. குழுவில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த சட்டையின் பச்சை.

மூன்றாவது, தடித்த காலர்த் துண்டு. உள்பக்கம் மார்க்கர் மையில் 'சேட்' என்று பாதிப் பெயர். மாறிப் போகக் கூடாதென்று முதல் நாள் எல்லோர் சட்டையிலும் பெயர் எழுதிக் கொடுத்தது அவள்தான்.

அன்று அவர் போட்டுக்கொண்டு போன அதே சட்டை.

"மேடம், எவ்ளோன்னு எழுதிக்கினீங்களா?" என்று கீழேயிருந்து ஜானகி கேட்டாள்.

சிந்து காலர்த் துண்டின் முடிச்சை இறுக்கினாள்.

வேலை போன பிறகும் சேட்டு வந்திருக்கிறார். இரண்டு பஸ் மாறி.

அலுவலகத்துக்குத்தான் வரவில்லை.